முதலில் காருக்கு அடியில் பார்

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டும் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருப்பதும், பெண்ணுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததும் கேட்க நிறைவாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். வீட்டு விஷயங்களை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க உன் வேகன் ஆருக்குத்தான்.

2011 வண்டி, 1,14,000 கிலோமீட்டர், ஆகஸ்டில் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிகிறது, 72,000 ரூபாய் செலவு சொல்கிறார்கள், விற்றால் ஒரு லட்சம்கூடத் தேறாது, இதில் போய்ப் பணத்தைப் போடுவதா என்று கேட்டிருக்கிறாய். வண்டியின் விலையில் பாதிக்கு மேல் செலவு வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. நீ விற்கப் போவதில்லை, ஓட்டப் போகிறாய். அப்புறம் விற்கிற விலை எதற்கு? இன்னும் மூன்று வருடம் இந்த வண்டியை ஓட்ட மாதம் எவ்வளவு ஆகும், புது வண்டிக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று பார்ப்பதுதான் கணக்கு. அதைப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் பாடியைப் பார்க்க வேண்டும். நீ இருப்பது நாகப்பட்டினம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பதினைந்து வருடம் நின்ற வண்டி. எஞ்சினை இறக்கி வேறு எஞ்சின் வைக்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், ஏசியை மாற்றலாம். அரித்துப்போன பாடியை மாற்ற முடியாது.

உன் எஸ்டிமேட்டில் கடைசி வரியாக "அடிப்பக்க டிங்கரிங் 15,000" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறார்களே, நான் முதலில் படித்தது அதைத்தான். எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்குத் தகடு வெட்டி ஒட்டப் போகிறார்கள் என்று அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போய் வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுந்துவிடாதே. சேறு போகக் கழுவி, காய்ந்த பிறகு, ஒரு டார்ச்சும் பெரிய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொள்.

கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி இருக்கிறதே, ரன்னிங் போர்டு என்பார்கள், அதில் தொடங்கு. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு 'ணங்' என்று சொல்லும். உள்ளே அரித்த இடம் 'பொத்' என்று கேட்கும். அங்கே நுனியை வைத்து அழுத்து. பெயின்ட் கொப்புளம் உடைந்து பழுப்புத் தூள் கொட்டினால் மேல்துரு. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் தகடே இல்லை, பெயின்ட்தான் நிற்கிறது. முன்பே யாராவது பட்டி அடித்து மறைத்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பார். பட்டி மேல் காந்தம் ஒட்டாது.

அடுத்து ஜாக்கி வைக்கும் இடங்கள் நான்கு. பிறகு பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் பாடியோடு சேருமிடம், பின் ஸ்பிரிங் உட்காருமிடம். பானெட்டைத் திறந்து முன் ஷாக் அப்சார்பரின் தலை பாடியில் ஏறி நிற்கும் வட்டத்தைச் சுற்றியும் பார்க்க வேண்டும். உள்ளே மிதியடி, கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத் தகட்டில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார். இந்த இடங்களில் ஓட்டை இருந்தால் வண்டியைப் போக விடு. சக்கரம் வாங்கும் அடியெல்லாம் அங்கேதான் இறங்குகிறது. துருப்பிடித்த தகட்டின் மேல் வெல்டிங் நிற்காது. நல்ல தகடு கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போனால் வேலை 15,000 ரூபாயோடு நிற்காது.

கதவின் அடி ஓரம், டிக்கி கதவு, சக்கர வளைவின் விளிம்பு, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் இவற்றில் துரு இருந்தால் பயமில்லை, பார்த்துக்கொள்ளலாம். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டுத்தான் கதவு உள்ளிருந்து அரிக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தி விடு. முன் லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம் அரித்திருந்தாலும் அது கழற்றி மாற்றக்கூடிய பாகம்தான். பிரேக் பைப்பில் துரு ஏறிச் செதில் விட்டிருந்தால் மட்டும் அன்றைக்கே மாற்று.

அடிப்பக்கம் சரியாக இருந்தாலும் கறுப்புக் கோட்டிங் அடிக்கச் சொல்வார்கள். துருவின் மேலேயே அடித்தால் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துருவை மாற்றும் கெமிக்கல் தடவிக் காயவிட்டு, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல்தான் கோட்டிங். இந்த வரிசையில் செய்யாத கடைக்குப் பணம் கொடுக்காதே.

பாடி தேறியது என்று வைத்துக்கொள்வோம். இனி எஞ்சின். இது கே10பி, 998 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் செயின் உள்ளது, பெல்ட் கிடையாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் 1,14,000 அதற்குப் பெரிய ஓட்டமில்லை. ஆனாலும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதே. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மூன்று ப்ளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோல் போகாமல் பம்ப் ரிலேயை எடுத்திருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும். பேட்டரி தொய்ந்திருந்தால் எண் குறைவாகக் காட்டி உன்னை ஏமாற்றும். 160 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்து, மூன்றுக்கும் நடுவே 15-க்குள் வித்தியாசம் இருந்தால் எஞ்சினை மறந்துவிடு. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. வால்வென்றால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், ரிங்கென்றால் எஞ்சின் முழுக்கப் பிரிய வேண்டும். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும்.

ரேடியேட்டர் 4,500 என்று போட்டிருக்கிறார்கள். மேல் பிளாஸ்டிக் டேங்க் விண்டுபோயிருக்கும், அந்த வயதில் அது வழக்கம்தான், மாற்றிவிடு. ஆனால் நீ போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியதாக எழுதியிருந்ததுதான் எனக்குக் கவலை. உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. அலுமினிய ஹெட்டை உள்ளேயிருந்து தின்னும், தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் பிடிக்க வைக்கும். எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பார். மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தாலோ, ரேடியேட்டரில் எண்ணெய் மிதந்தாலோ, ஓடும் எஞ்சினில் தண்ணீர் குமிழ் விட்டாலோ ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகப்பட வேண்டும். இல்லையென்றால் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்று.

ஏசி கம்ப்ரஸர் 21,000. எஸ்டிமேட்டில் பெரிய தொகை இதுதான், எனக்கு நம்பிக்கையில்லாததும் இதுதான். கம்ப்ரஸர் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறாயே தவிர, ஏன் ஓடவில்லை என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவே விடாது. கம்ப்ரஸர் போன மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல். கேஸ் சரியாக இருந்தால், கம்ப்ரஸர் முகத்தில் இருக்கும் கிளட்சுக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் ரிலே, ஃப்யூஸ், ஒயர். வந்தும் இழுக்கவில்லை என்றால் கிளட்சின் காயில் எரிந்திருக்கலாம், அல்லது கிளட்ச் தகடு தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கலாம். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி அது. வாஷர் எடுத்துச் சரிசெய்துவிடலாம். கேஸ் இல்லை என்றால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவி ஒழுகுமிடத்தைக் கண்டுபிடிக்கட்டும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலிலும் ஓட்டை விழுந்திருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்துவிட்டால் ஒரு மாதம் குளிரும், அவ்வளவுதான்.

ஒருவேளை கம்ப்ரஸர் உண்மையிலேயே பிடித்துப் போயிருந்தால் பைப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார். மின்னும் உலோகத் துகள் இருந்தால் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி லாபமில்லை. கண்டென்சரின் குழாய்கள் மிகச் சன்னம், அதற்குள் போன துகளை அலசி எடுக்க முடியாது. கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றும் சேர்த்து மாற்றாவிட்டால் அதே துகள் புது கம்ப்ரஸரையும் தின்றுவிடும். மாற்றிய பிறகு அரை மணி நேரமாவது வாக்குவம் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்து, கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்134ஏ கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும்.

கிளட்ச் 7,500 நியாயமான தொகைதான். அதற்கு முன் கேபிளில் சும்மா ஆடும் இடம் இருக்கிறதா என்று பார். பெடல் தொட்டவுடனேயே இழுத்தால், கேபிள் இறுக்கமாகி பிளேட் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே தேய்ந்திருக்கும். அப்படியே விட்டால் புது பிளேட்டும் சீக்கிரம் போகும். கியர்பாக்ஸை இறக்கும்போது பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கோடு கிராங்கின் பின் ஆயில் சீலையும் மாற்றிவிடு. சீல் சில நூறு ரூபாய்தான், பிறகு அதற்காகத் தனியாக இறக்கினால் கூலி இரட்டிப்பு. முன் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் சேர்த்து 11,000. அதைச் செய், மறுநாளே வீல் அலைன்மென்ட் பார்.

இப்போது கணக்கு. எஸ்டிமேட் 72,000 முழுதாகவே வைத்துக்கொள். ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000. வருட சர்வீஸ் 8,000 வீதம் மூன்று வருடத்துக்கு 24,000. எதிர்பாராத செலவுக்கு 30,000. மொத்தம் 1,31,000. மாதம் 3,650-க்குள் அடங்குகிறது. பசுமை வரியும் இன்சூரன்ஸும் சேர்ந்தாலும் கொஞ்சம்தான் ஏறும். 1000 சிசிக்குள் இருப்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் குறைவு.

புது வண்டி, 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, ஷோரூம் விலை 5,20,000 என்று வை. நம் மாநிலத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம்வரை சாலை வரி 13 சதவீதம். இன்சூரன்ஸ் சேர்த்தால் 6 லட்சத்தைத் தாண்டும். 4 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 8,300. வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று வருடம் தாண்டினால் இன்சூரன்ஸ் கணக்கிலேயே மதிப்பில் 40 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். நீ மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறாய். அந்த ஓட்டத்துக்கு இது அதிகம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பணக் கணக்கைத் தள்ளி வைப்பேன். உன் வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகுதான் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. பெண்ணைப் பார்க்க வாரா வாரம் திருச்சிக்கு நெடுஞ்சாலையில், அதுவும் ராத்திரியில் போய் வரப் போகிறாய் என்றால், பாடி நன்றாக இருந்தாலும் நான் மாற்றச் சொல்வேன். ஊருக்குள்ளும் வேளாங்கண்ணிவரையிலும்தான் ஓட்டம் என்றால் ரிப்பேர் செய்.

பதினைந்து வருடம் முடிந்தால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பாதே. அது டெல்லி வட்டாரத்துக்கான தடை. இங்கே மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சரியென்றால் ஐந்து வருடம் நீட்டித்துத் தருவார்கள். ஆர்.சி. முடிவதற்கு முந்தைய அறுபது நாளுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்க வேண்டும். தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடுதல். போவதற்கு முன் சேஸிஸ் எண்ணைத் தேடிப்பிடித்து மண்ணெண்ணெய்த் துணியால் துடை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே. கடலோர வண்டிகளில் அந்த எண் துருவில் மங்கிப்போய் வாசிக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போக விடுவதென்றால் காயலான் கடையில் தள்ளிவிட்டு வந்துவிடாதே. ஆர்.சி. உன் பெயரில் இருக்கும்வரை பொறுப்பும் உன் தலையில்தான். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, அதற்கான சான்றிதழை வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்.

ரன்னிங் போர்டின் இரண்டு பக்கம், பின் ஆர்ம் சேருமிடம் இவற்றைப் படம் எடுத்து அனுப்பு. கம்ப்ரஷன் எண் மூன்றையும் எழுது. டயரின் பக்கவாட்டில் நீ பார்த்து எழுதியிருக்கும் 2717 என்பது 2017-ஆம் வருடம் 27-ஆவது வாரம். பட்டன் இன்னும் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கட்டிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. எந்த முடிவெடுத்தாலும் சரி, அதுவரை திருச்சிக்கு பஸ்ஸில் போய் வா.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்