குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கொடியேற்றம், கோலப்போட்டி, கொசு மருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மூன்றாவது தெரு விளக்கு இப்போது எரிகிறது.

இந்த ஆண்டு என் நேரம் பெரும்பாலும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வேலையிலேயே போனது. இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்டார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 2009-இல் கலைஞர் காப்பீடாக ஆரம்பித்து, 2012-இல் பெயர் மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் திட்டம். வருமான வரம்பும் 72,000-இலிருந்து 1,20,000 ஆகிவிட்டது. அப்படியும் நம் தெருக்களில் பலரிடம் அட்டை இல்லை, ஏனென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் நிற்க ஒரு நாள் கூலி போய்விடும்.

அட்டை வந்த பிறகு யார் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்று பார்த்தேன். சம்பாதிக்கும் ஆம்பளைக்கு நெஞ்சுவலி என்றால் அட்டை இல்லாத காலத்திலும் தாலிச்செயினை அடகு வைத்தாவது செய்துவிடுவோம். மாமியார் முழங்காலுக்கு யாரும் நகையைக் கழற்றியதில்லை. கடைசி வீட்டுப் பாட்டி நான்கு வருடமாகச் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில்தான் படி இறங்குவார். மூட்டு மாற்றியபின் இப்போது பால் வாங்க அவரே வருகிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் அட்டை இருந்தும் டெஸ்ட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள், புகார் எண்ணுக்குப் போன் போட்டபிறகுதான் விட்டார்கள்.

அட்டை இருந்தும் போகாதவர்களும் உண்டு. இட்லிக்கடை அக்காவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி, ஒரு மாதம் கடையை மூடினால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. இன்னொரு அம்மாவின் பெயரைப் பெரிய மகன் ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிட்டார், சின்னவர் சேர்க்கவில்லை, அதனால் அட்டையே இல்லை.

அட்டை முகாமுக்கு வருகிறேன் என்ற எட்டுப் பேரில் வந்தது இரண்டு பேர். மாதம் 50 ரூபாய் சந்தாவில் பாதி வீடுகள் பாக்கி. ஜெராக்ஸும் ஆட்டோவும் என் கைக்காசு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, ஏட்டைப் பொருளாளரிடம் பார்க்கலாம். அவருக்கும், ஹால் தந்தவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பணத்தைவிட ஆள்தான் தேவை. ஆபரேஷன் முடிந்தவர்களோடு ராத்திரி தங்க ஒருவர் வேண்டும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் மூன்று பேர் அதற்காகவே தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். மாதம் ஒரு ராத்திரி முடிந்தவர்கள் என் வீட்டில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். பாக்கிச் சந்தாவையும் அப்போதே கொடுத்துவிடலாம்.

செயலாளர்