சைதாப்பேட்டைப் படிப்பக அலமாரிகளைக் காப்பாற்ற உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

சைதாப்பேட்டையில் நம் தெருப் படிப்பகத்தில் உட்கார்ந்து படித்த எல்லோருக்கும், வேளச்சேரி, தாம்பரம் என்று குடிபோய்விட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். படிப்பகத்தின் ஐந்து புத்தக அலமாரிகளில் வண்டு விழுந்திருக்கிறது, இரண்டு நீள பெஞ்சுகளில் கரையான் ஏறியிருக்கிறது. சரிசெய்ய உங்கள் உதவி வேண்டும்.

போன மாதம் ஒரு அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியபோதுதான் தெரிந்தது. பின்பலகை முழுக்கக் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். விரலால் தட்டினால் முகப் பவுடர் போல மாவு கொட்டியது. பழைய ஓட்டையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில், கீழே கருப்பு சார்ட் தாளை விரித்து இரண்டு வாரம் விட்டு வைத்தோம். தாளில் ஆறேழு இடங்களில் புது மாவு சின்னச் சின்னக் குவியலாகக் கிடந்தது. வண்டின் புழு உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

முகப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாலிஷ் போட்ட பக்கத்தில் உளு வண்டு முட்டையிடுவதில்லை. பாலிஷ் படாத பின்பக்கத்தில், அடிப்பக்கத்தில், மரத்தின் நுண்துளைகளில்தான் இடும். அதிலும் வைரம் பாய்ந்த, அதாவது முற்றி இறுகிய நடுமரத்தை விட்டுவிட்டு, மாவுச்சத்து உள்ள வெளிமரத்தைத்தான் புழு தின்னும். நம் அலமாரிகளின் சட்டம் தேக்கு, நல்ல வைரம். உளுத்தது மாமரத்தில் அடித்த பின்பலகைகளும், தட்டுகளின் ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் பகுதியும்தான். பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டு இரும்பு ரேக் வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. இந்தத் தேக்கை இன்று விலை கொடுத்து வாங்க நம்மால் முடியாது. குரூப் 4 தேர்வுக்குப் படித்த எத்தனையோ பிள்ளைகளின் முழங்கை பட்டு வழவழப்பான பெஞ்சுகள் அவை.

பெஞ்சு கால்களுக்கு வேறு பிரச்சினை, கரையான். அது மண்ணிலிருந்து ஈரத்தைத் தேடி ஏறும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் உள்ளே வந்து போனதிலிருந்தே அந்த மூலைச் சுவர் ஈரம் காத்துக்கொண்டிருக்கிறது. மண் தடத்தைச் சுரண்டி எடுத்து, கால்களுக்கு அடியில் கிரானைட் துண்டு வைத்து, சுவரைவிட்டு அரையடி தள்ளிப் போடப் போகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்களே மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தோம். நாற்றம் மாதக்கணக்கில் புத்தகங்களில் நின்றதுதான் மிச்சம், புழு சாகவில்லை. மேலே தடவியது உள்ளே இறங்கவில்லை. கட்டடம் முழுக்கப் புகை போடுவது நம் சக்திக்கு மீறியது. அதனால் இந்த முறை போரிக் பவுடரும் வெங்காரமும் (போராக்ஸ்) தான். கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே போரிக். வெந்நீரில் கரைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வெறும் மரத்தில் இரண்டு முறை பூசி, ஓட்டைகளில் ஊசியால் செலுத்த வேண்டும். உள்ளே ஊறிக் காய்ந்தால் மரத்திலேயே தங்கிவிடும். மரத்தைத் தின்னும் புழு சாகும். ஆழத்தில் இருப்பது உடனே சாகாது. அதனால் ஒரு வருடம் கருப்புத் தாளை அடியிலேயே வைத்துப் பார்ப்போம், மாவு விழுந்தால் மறுபடி பூசுவோம். பூசிக் காயும்வரை பிள்ளைகளை உள்ளே விடமாட்டோம்.

மொத்தச் செலவு 31,000 ரூபாய். ஆசாரிக்கும் உதவியாளுக்கும் ஆறு நாள் கூலி 13,800, புதுப் பின்பலகைகள் 9,000, மருந்து, ஊசி, கையுறை, பாலிஷ் எல்லாம் 6,500, கிரானைட் 1,700. கையில் இருப்பது 8,400. இன்னும் 22,600 தேவை. 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. கணக்கு முழுவதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

பணம் தர முடியாதவர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து தேய்க்கவும் புத்தகங்களை இறக்கி அடுக்கவும் கை கொடுத்தால் பெரிய உதவி. வீட்டில் பழைய தேக்குப் பலகை கிடந்தாலும் கொண்டு வாருங்கள், தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வோம்.

ஐப்பசி மழை பிடித்தால் மரம் காயாது. புரட்டாசிக்குள் பூசி முடிக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாமல் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். தினமும் மாலை 6 முதல் 8 வரை படிப்பகத்தில் இருப்போம்.

இப்படிக்கு,
படிப்பகப் பராமரிப்புக் குழு
சைதாப்பேட்டை, சென்னை