பாஸ்வேர்ட் மறந்தா ஃபார்மேட் தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் கம்ப்யூட்டர் கேள்வி பதில்ல ஒரு வாசகர், வீட்டு கம்ப்யூட்டர் ஆன் பண்ணதுமே பாஸ்வேர்ட் கேக்குது, மறந்து போச்சு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாரு, அதுக்கு "மதர்போர்டுல இருக்குற பேட்டரிய கழட்டி மாட்டுங்க, சரியாயிடும்"னு ஒரே வரில பதில் போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது பாதி பதில் தான். கடலூர் மஞ்சக்குப்பத்துல சின்னதா பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், கூடவே சர்வீஸும் பாக்குறேன், இப்படி பாதி பதில கேட்டுட்டு போய் போட்டோ, ப்ராஜெக்ட், கடை கணக்குன்னு எல்லாத்தையும் தொலைச்சிட்டு வர்றவங்கள பாக்குறதால தான் எழுதுறேன்.

மொதல்ல எந்த பாஸ்வேர்ட்னு கேக்கணும்ங்க. விண்டோஸ் லோகோவுக்கு முன்னாடியே, கறுப்பு ஸ்க்ரீன்ல கேட்டா பெரும்பாலும் அது பயாஸ் பாஸ்வேர்ட், பயாஸ்ங்கறது விண்டோஸுக்கு முன்னாடி கம்ப்யூட்டர எழுப்பி விடுற புரோகிராம், போர்டுலயே இருக்குறது. லோகோ வந்து, உங்க பேரையும் காட்டி கேட்டா அது விண்டோஸ் பாஸ்வேர்ட், அதுக்கும் பேட்டரிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, நாள் பூரா கழட்டி வச்சாலும் போகாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்றவங்கன்னா கையில இருக்குற ஃபோன்லயே அவங்க சைட்டுக்கு போயி மாத்திக்கலாம். அந்த கம்ப்யூட்டர்ல மட்டுமே இருக்குற லோக்கல் அக்கவுண்டுன்னா, விண்டோஸ் 10-ல 2018-லேந்து மூணு ரகசிய கேள்வி வச்சுக்குற வசதி இருக்கு, தப்பா அடிச்சதும் கீழ ரீசெட்னு வரும், அந்த பதிலுங்கள சரியா போட்டா முடிஞ்சுது.

பயாஸ் பாஸ்வேர்டுக்கு வருவோம். அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப்னா நீங்க சொன்னது பல போர்டுல நடக்கும், ஆனா முறையா செய்யணும். ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, பின்னாடி பவர் கேபிளயே உருவிடணும், ஏன்னா கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் கரண்ட் இருக்குற வரைக்கும் போர்டுக்கு 5 வோல்ட் போயிட்டு தான் இருக்கும். உருவிட்டு பவர் பட்டன கொஞ்ச நேரம் அழுத்தி பிடிச்சா மிச்சம் மீதியும் எறங்கிடும். பேட்டரி வட்டமா, காசு மாதிரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட், பக்கத்துல ஒரு குட்டி கொக்கி பிடிச்சிட்டு நிக்கும், அத நகத்தால லேசா தள்ளுனா பேட்டரி தானா எழும்பி வரும், ஸ்க்ரூ டிரைவர வச்சு நெம்பி ஹோல்டர ஒடச்சிடாதீங்க. அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, பிளஸ் பக்கம் மேல தெரியுற மாதிரி மாட்டணும். அப்படியும் போகலன்னா போர்டுல சிஎல்ஆர் சிமாஸ்னு எழுதி ஒரு ஜம்பர், அதாவது குட்டி பின்னுங்க மேல மாட்டுற மூடி, இருக்கும், அத வச்சும் அழிக்கலாம், கம்பெனி டெஸ்க்டாப் சிலதுல பாஸ்வேர்டுக்குன்னே தனி ஜம்பர் இருக்கும், மேனுவல்ல படம் போட்டிருப்பாங்க.

இதுக்கப்புறம் தான் விஷயமே இருக்கு. பேட்டரிய கழட்டுனா பாஸ்வேர்ட் மட்டும் போறதில்ல, தேதி, நேரம், மத்த செட்டிங்க்ஸ் எல்லாம் சேந்து பழையபடி ஆயிடும். தேதி தப்பா இருந்தா பேங்க் சைட்டு கூட தொறக்காது, பாதுகாப்பு இல்லன்னு காட்டும், அது பரவால்ல, மாத்திக்கலாம். ஆனா பழைய போர்டுல ஹார்டு டிஸ்க்கோட போர்டு பேசுற முறை, சாட்டா மோடுன்னு சொல்வாங்க, அது ஏஹெச்சிஐ-லேந்து ஐடிஇ-க்கு மாறிடுச்சுன்னா விண்டோஸ் ப்ளூ ஸ்க்ரீன்ல நின்னுடும். புதுப்பாளையத்துல ஒரு அக்கா, வீட்டுக்காரர் எறந்துட்டாரு, அவர் போட்ட பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியல, ஒரு கடைல பேட்டரிய கழட்டி மாட்டிருக்காங்க, ப்ளூ ஸ்க்ரீன் வந்ததும் "ஓஎஸ் போச்சு, ஃபார்மேட் தான்"னு சொல்லி டிஸ்க்க அழிச்சு விண்டோஸ புதுசா போட்டுட்டாங்க. அப்புறம் என்கிட்ட கொண்டு வந்தாங்க. பயாஸ் செட்டப்ல போய் பாத்தா ஐடிஇ-ன்னு கெடக்குது, முன்னாடி ஏஹெச்சிஐ-ல ஓடிருக்கணும், அந்த ஒரு வரிய மாத்திருந்தாலே விண்டோஸ் வந்திருக்கும். "பொண்ணு கல்யாண போட்டோ பூரா அதுல தான்மா இருந்துச்சு"ன்னு நின்னாங்க. ரெகவரி சாஃப்ட்வேர் போட்டும் கொஞ்சம் தான் வந்துச்சு. அப்படியே ஒன்னும் முடியலன்னாலும் டிஸ்க்க கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி ஃபைல எடுத்திருக்கலாமே, அதுக்கு கூட பொறுமை இல்லாம ஃபார்மேட் பண்றத என்னால ஏத்துக்கவே முடியலங்க.

லேப்டாப்னா கதையே வேற. பெரும்பாலான மாடல்ல பாஸ்வேர்ட் கரண்ட் இல்லன்னாலும் அழியாத சிப்ல இருக்கு, பேட்டரிய கழட்டி பிரயோஜனம் இல்ல. பில்லோட கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு தான் போகணும். 2015 வெள்ளத்துல பேப்பர் பூரா நனைஞ்சு போன வீடு எங்க ஊர்ல எவ்வளவோ இருக்கு, அதனால பில்ல ஒரு போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுக்கோங்கன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்க போறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி பயாஸ் செட்டப்ப ஒருதடவ தொறந்து பாத்துடணும், பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா வாங்கவே வேணாம்.

இன்னொன்னு, இது தான் ரொம்ப முக்கியம். விண்டோஸ் 11 வர்ற புது மெஷின் நெறையதுல, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட் பண்ணா டிஸ்க்கு தானாவே என்க்ரிப்ட் ஆயிடுது, அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்குது. அந்த மாதிரி மெஷின்ல பயாஸ்ல கை வச்சா, பிட்லாக்கர்னு நீல ஸ்க்ரீன் வந்து 48 இலக்க ரெகவரி கீ கேக்க வாய்ப்பு இருக்கு. கீ இல்லன்னா டிஸ்க்க வேற எதுல மாட்டுனாலும் ஒரு ஃபைல் கூட படிக்க முடியாது. பெரும்பாலும் அந்த கீ அதே அக்கவுண்ட்ல சேவ் ஆகிருக்கும், ஸ்க்ரூவ தொடுறதுக்கு முன்னாடி ஃபோன்ல லாகின் பண்ணி அத எழுதி வச்சுக்கணும்.

கேள்வி கேட்ட வாசகர் டெஸ்க்டாப்பா லேப்டாப்பான்னே சொல்லல, நீங்களும் கேக்கல. தயவு செஞ்சு முழு பதில அடுத்த இதழ்ல போடுங்க, அதுக்குள்ள அவரு பெட்டிய தொறந்துடுவாரோன்னு பயமா இருக்கு, அவரு நம்பர் உங்ககிட்ட இருந்தா ஆபீஸ்லேந்து ஒரு ஃபோன் பண்ணியாவது சொல்லிடுங்க.

இப்படிக்கு,
வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்-1