டெங்கு செய்திக்கு ஏன் சாக்கடைப் படம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் டெங்கு செய்தியோடு நீங்கள் போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கறுப்பாகத் தேங்கிய சாக்கடை, கீழே 'டெங்கு கொசுக்கள் உற்பத்தியாகும் கழிவுநீர் ஓடை' என்று ஒரு வரி. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏனென்றால் அதே நாள் உலகப் பக்கத்தில், ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த புலிக்கொசு பழைய டயர்களில் முட்டையாக ஒட்டிக்கொண்டு கப்பலேறியதையும், 2007-இல் கேரளாவிலிருந்து போன ஒருவர் வழியாக இத்தாலியில் 200 பேருக்கு மேல் சிக்குன்குனியா பரவியதையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். இத்தாலி விஷயத்தில் இருக்கும் அக்கறை எங்கள் தெரு விஷயத்தில் ஏன் இல்லை?

நம்மைக் கடிக்கும் ஏடிஸ் எஜிப்டி என்ற வகையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியதுதான். 1964-லேயே மதராஸில் சிக்குன்குனியா பரவியது. 2006-இல் அது திரும்பி வந்தபோது படுத்த என் அம்மா, கடைசிவரை சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். அப்புறம் என் மகளுக்கு டெங்கு வந்தது. அப்போதும் தெருவில் எல்லோரும் சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டார்களே தவிர, வாசலில் இருந்த டிரம்மை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் குழாயில் தண்ணீர் வாரம் ஒரு முறைதான் வரும், பிடித்து வைக்காமல் என்ன செய்வது? தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் அபராதம் என்று வீட்டுக்காரர்களை மிரட்டுகிறவர்கள், தெருமுனையில் பாதியில் நிற்கும் அடுக்குமாடியின் லிப்ட் குழியில் மாதக்கணக்காகத் தண்ணீர் நிற்பதைக் கேட்கவே மாட்டார்கள். புகை மருந்தோ யாராவது செத்த பிறகு, அதுவும் ராத்திரியில் வருகிறது. பகலில் கடிக்கும் கொசுவுக்கு!

டிரம்மில் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது ஐயா. உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இதை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன், 'பேப்பர்லயே சாக்கடைன்னுதானே போட்டிருக்கு' என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, வாரம் ஒரு நாள் முதல் பக்கத்தில் இரண்டு வரிக்கு இடம் கொடுங்கள்: 'இன்று டிரம், தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் கொட்டி, தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.'

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி