பிடித்த டிரவுட்டை நீரிலேயே படமெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பது பற்றிய கட்டுரைகளில், பிடித்த மீனை மார்பளவுக்கு உயர்த்திக்கொண்டு ஒருவர் சிரித்தபடி நிற்கும் படத்தை வெளியிடுவது வழக்கமாகிவிட்டது. மீன் பின்னர் ஆற்றிலேயே விடப்பட்டது என்று படத்தின் கீழ் எழுதியிருக்கும். டிரை ஃபிளை முறையில் விருப்பத்தோடு ஈடுபட்டு வருபவன் என்பதால், இந்தப் படங்களைப் பற்றி எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

நீரின்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சியால் மீனை ஈர்க்கும் இம்முறையில், நாளின் பெரும்பகுதி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே கழியும். டிரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்குமாதலால், ஓட்டத்தின் கீழ்ப்புறத்திலிருந்து அதன் பின்பக்கமாக ஓசையின்றி நெருங்க வேண்டும். மாதக்கணக்கில், சில வகைகள் இரண்டாண்டு வரையிலும், ஆற்றுப்படுகையில் வளரும் மேஃப்ளை பூச்சிகள் சிறகு பெற்று நீர்ப்பரப்புக்கு வரும் வேளையில், அங்கங்கே சிறு வளையங்கள் தோன்றும்; ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றினால் அங்கே ஒரு மீன் இரையெடுக்கிறது என்று பொருள். கொக்கியில் சேவலின் கழுத்திறகைச் சுற்றிக் கட்டிய பூச்சியை ஓட்டத்தின் மேற்புறம் அந்த வளையத்துக்கு இரண்டு முழம் முன்னால் இறக்கி, நுனியிலுள்ள மெல்லிய தங்கூசி நரம்பு விறைக்காதபடி தளர்வாக விட வேண்டும். அருகருகே வெவ்வேறு வேகத்தில் ஓடும் நீர் நரம்பைப் பற்றி இழுத்து, பூச்சியின் பின்னால் மயிரிழை போல ஒரு கோடு விழுந்துவிட்டால், மேலே வந்த மீன்கூடத் திரும்பிப் போய்விடும்.

இத்தனை பொறுமையோடு பிடித்த மீனுக்கு, கடைசி அரை நிமிடத்தில்தான் கேடு நேர்கிறது. மிதக்கும் பூச்சியைக் கவ்வும் டிரவுட்டுக்குக் கொக்கி பெரும்பாலும் உதட்டிலேயே தைக்கும்; எதிர்முள் இல்லாத கொக்கியானால் நீருக்குள்ளேயே விரலால் தள்ளிக் கழற்றிவிடலாம். ஆனால் போராடிக் களைத்த மீனைக் காற்றில் தூக்கியவுடன் அதன் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூச்சுக்கு வழியில்லாமல் போகிறது. உலர்ந்த கையால் பிடித்தால், நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வழுவழுப்பான மேற்பூச்சும் உரிந்துவிடுகிறது. முற்றிலும் களைக்கவைத்த வானவில் டிரவுட்டுகளைக் கொண்டு நடத்தி 1992-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 60 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 72 விழுக்காடு 12 மணி நேரத்துக்குள் இறந்தன. காற்றில் வைக்கப்படாதவற்றில் இறந்தவை 12 விழுக்காடு மட்டுமே. ஆய்வகக் கணக்கை ஆற்றுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆயினும், நீந்திச் சென்றதாலேயே மீன் பிழைத்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

வெயில் காலத்தில் இன்னும் கவனம் தேவை. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. ஆற்றுநீர் 20 டிகிரியை நெருங்கும்போது, எத்தனை வளையங்கள் தெரிந்தாலும் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுவதே முறை.

உணவுக்காகப் பிடிப்பவர்மீது எனக்குக் குறையில்லை. விதிகள் அனுமதிக்கும் இடத்தில் அவர்கள் மீனை உடனே கொன்று எடுத்துச் செல்லட்டும். விட்டுவிடுவதாகச் சொல்பவர்தாம், மீன் உண்மையிலேயே பிழைக்கும்படி விட வேண்டும். ஆகவே, விடப்படும் மீனின் படங்களில், நனைந்த கை தாங்க நீருக்குள்ளேயே மீன் இருக்கும் படங்களை மட்டும் தேர்ந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் படத்தைப் பார்த்தே பழகுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்