அம்மாவின் சேமநிதியில் முதல் படம் எடுக்கவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சுங்கை சிப்புட் தேநீர்க் கடையில் நீ கொடுத்துச் சென்ற திரைக்கதையை இரண்டு முறை வாசித்துவிட்டேன். கித்தா எனும் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டுக் கிளம்பும் குடும்பம், எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டுச் சாமிப் படங்களை மட்டும் கடைசியில் கையிலேயே எடுத்துச் செல்லும் காட்சியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். கதையில் எனக்குக் குறையில்லை. அம்மாவின் ஊழியர் சேமநிதியை எடுத்து, முதல் முயற்சியையே முழுநீளப் படமாக்கப்போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றியே இக்கடிதம்.

நம் மலேசிய இயக்குநர் தீபக் குமாரன் மேனன் 2005இல் தோட்ட வாழ்க்கையை டிஜிட்டல் கேமராவில் ‘செம்மண் சாலை’யாக எடுத்ததை நீ உதாரணம் காட்டினாய். கேமரா மலிந்துவிட்டது உண்மைதான். ஆனால் பணத்தைத் தின்பது கேமரா அன்று. இருபது பேருக்கு மூன்று வேளைச் சோறு, வேன் வாடகை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒலி. என் முதல் குறும்படம் பன்னிரண்டே நிமிடம். தகரக் கூரை வீட்டில் வசனக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பரவாயில்லை என்று தொடர்ந்தேன். பிறகு உறவினர் வீட்டுப் படுக்கையறையில் சுவரெங்கும் போர்வை தொங்கவிட்டு, அதே வசனங்களைத் திரும்பப் பதிவுசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. அப்படியும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். அந்தப் பாடத்தை உன் அம்மாவின் காசில் நீ கற்க வேண்டியதில்லை.

நம் அம்மாமார் பிடிக்கும் கூட்டை, அதாவது சீட்டை, நினைத்துப் பார். மாதம் ஒருவர் எடுக்கிறார், மற்றவர்கள் போடுகிறார்கள். 2005இல் அமிர் முகமட், ஜேம்ஸ் லீ, லியூ செங் தாட், டான் சுய் முய் ஆகிய மலேசிய இயக்குநர்கள் நால்வர் சேர்ந்து டா ஹுவாங் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒருவர் படத்துக்கு இன்னொருவர் உழைத்ததும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். டான் சுய் முய்யின் முதல் முழுநீளப் படம் 2006இல் பூசான் திரைப்பட விழாவிலும் மறு ஆண்டு ரோட்டர்டாம் விழாவிலும் பரிசு பெற்றது. அடுத்த முறை லியூ செங் தாட்டின் படம் அதே இரண்டு விழாக்களிலும் வென்றது. 2015இல் ‘ஜகாட்’ படத்தை எடுத்த சஞ்சய் குமார் பெருமாளும் குறும்படங்களில் கை பழகிய பிறகே அதற்கு வந்தார். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாக அது தேர்வானது.

கல்யாண வீடியோ எடுப்பதை நீ இழிவாகப் பேசியது எனக்குச் சற்று வருத்தந்தான், ஏனெனில் என் வீட்டுச் சோறு அதில்தான் வேகிறது. தாலி கட்டும் நொடியை மறுபடி நடித்துக் காட்டச் சொல்ல முடியாது. எங்கே நிற்பது, யார் முகத்தை முதலில் பிடிப்பது என்பதை எந்தக் கல்லூரியைவிடவும் அந்த மேடை எனக்கு நன்றாகக் கற்றுத்தந்தது.

லாரிக் காட்சியை மட்டும் பத்து நிமிடப் படமாக எழுதிக்கொண்டு வா. லாரியை என் மைத்துனரிடம் கேட்கலாம், கேமரா என்னிடம் இருக்கிறது, ஒளிப்பதிவும் நானே செய்கிறேன். அதற்கு முன் என் கூட்டு ஒன்று பாக்கியிருக்கிறது: வரும் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குப் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் காட்சி எடுக்கிறேன், ஒலிவாங்கிக் கம்பைப் பிடிக்க ஆள் இல்லை. கொசு அதிகம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அண்ணன்