பதிவேட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு ஆவணத் துணைக்குழுவின் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட பணி நிறைவடைந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள நம் ஆலயத்தின் பழைய பேரேடுகள், உபயப் பதிவேடுகள், கூட்டக் குறிப்பேடுகள் ஆகியவற்றிலிருந்து கணினிக்கு ஏறிய தரவுகள் எங்கிருந்து வந்தன, யார் யார் கைப்பட்டு வந்தன என்பதை அந்தத் தரவுகளோடு சேர்த்தே பதிந்து வைப்பதுதான் அந்தப் பணி. கோபுரத்துக்குப் பஞ்சவர்ணம் தீட்டியதுபோல் கண்ணால் பார்த்து மகிழ இதில் ஏதுமில்லை என்பதால், செய்ததையும் அதற்கான காரணத்தையும் சற்று விரிவாகவே தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தொண்டர்கள் பல ஆண்டுகளாக அன்போடு தட்டச்சு செய்த எக்செல் கோப்புகள் நம்மிடம் இருந்தன. ஒரு கோப்பைப் பார்த்து மற்றொன்று உருவாகி, அதில் சில வரிகள் திருத்தப்பட்டு, அது மீண்டும் வேறொன்றோடு சேர்க்கப்பட்டிருந்தது. ஒரே உபயதாரரின் பெயருக்கு எதிரே ஒரு கோப்பில் ஒரு தொகையும் இன்னொன்றில் அதைவிடக் குறைந்த தொகையும் காணப்பட்டன. மூலத்தைத் தேடிச் சென்றபோது, முதல் தொகை பேரேட்டில் அவர் தருவதாக ஒப்புக்கொண்டது என்றும், இரண்டாவது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் உள்ளபடி அவர் செலுத்தியது என்றும் தெரியவந்தது. இரண்டும் சரியானவையே. எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஒரு குறிப்பு கூடவே இருந்திருந்தால் இவற்றுள் எது பிழை என்ற கேள்வியே எழுந்திருக்காது.

இத்தகைய குறிப்புகளை நமக்கு மட்டும் புரியும் முறையில் எழுதாமல், உலகெங்கும் நூலகங்களும் ஆய்வு நிலையங்களும் பயன்படுத்தும் பொதுச் சொற்றொகுதிகளை, அதாவது தரவுகளை விவரிக்க வரையறுத்து வைத்த சொற்பட்டியல்களை, கொண்டே எழுதத் தீர்மானித்தோம். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி, 2013 ஏப்ரல் 30 அன்று வெளியிட்ட ‘புரோவ்’ (PROV), தரவுகளின் தோற்ற வரலாற்றைப் பதியும் இத்துறையின் அடிப்படைத் தரமாகும். பொருள், அதை உண்டாக்கிய செயல், அச்செயலுக்குப் பொறுப்பானவர் ஆகிய மூன்றையும் இவற்றிடையே உள்ள உறவுகளையும் கொண்டு எந்தத் தரவின் வரலாற்றையும் சொல்ல அது இடம் தருகிறது. எனினும், அதை முழு விரிவோடு நிரப்பப் புகுந்தால் ஒவ்வொரு தட்டச்சையும் ஒரு தனிச் செயலாக அறிவித்து, தொடக்க நேரம், முடிவு நேரம் எனப் பல கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கும். சனிக்கிழமை மாலையில் வந்து உதவும் தொண்டரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நிரப்பப்படாத கட்டத்தால் யாருக்கும் பயனில்லை என்பது துணைக்குழுவின் உறுதியான கருத்து.

ஆகவே எளிய சொற்றொகுதிகள் இரண்டைத் தேர்ந்தோம். முதலாவது, 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநில டப்ளின் நகரில் கூடிய பட்டறையில் தோன்றி, பதினைந்து அடிப்படைக் கூறுகளுடன் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்ட ‘டப்ளின் கோர்’. தலைப்பு, தேதி, மொழி ஆகியவற்றுக்கு அது போதும். இரண்டாவது, ஒரு தரவின் மூலத்தையும் அதை எழுதியவர், தொகுத்தவர் விவரங்களையும் குறிக்கும் ‘பிஏவி’ (PAV) எனப்படும் சிறு சொற்றொகுதி. நம் பணியின் உயிர்நாடி அதுவே. பேரேட்டை எழுதிய கணக்கப்பிள்ளையையும், அதை ஒழுங்குபடுத்திச் சரிபார்த்தவரையும், கணினிக் கோப்பை உருவாக்கியவரையும் அது தனித்தனியே குறிக்கிறது. வெறுமனே ‘ஆக்கியவர்’ என ஒரே கட்டம் இருந்தபோது, இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுதிய கணக்கப்பிள்ளையின் பெயர் மறைந்து, அண்மையில் தட்டச்சு செய்தவரின் பெயரே நின்றது. மேலும், உள்ளது உள்ளபடி பெற்ற நகல், உள்ளடக்கம் மாறாமல் வேறு வடிவுக்குக் கொண்டுவந்தது, மூலத்தைத் திருத்தியோ விரித்தோ புதிதாக உருவாக்கியது ஆகிய மூன்றுக்கும் பிஏவியில் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்தச் சொற்கள் புரோவின் பொது உறவுகளோடு முன்பே பிணைக்கப்பட்டிருப்பதால், நாம் சுருக்கமாக எழுதியதையும் புரோவ் அறிந்த மென்பொருள் புரிந்துகொள்ளும்.

இந்த வேறுபாட்டின் அருமையை ஜப்பானியர் ஆட்சிக்காலப் பேரேட்டின் ஒரு பக்கம் நன்கு காட்டுகிறது. பழுப்பேறி ஓரம் அரிக்கப்பட்ட அந்தப் பக்கத்தின் தலைப்பில் ‘சுபானு வருஷம் ஆவணி’ என்று மையால் எழுதப்பட்டு, அதன் கீழே ‘2603’ என்று பென்சிலால் குறிக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் மலாயாவில் புழங்கிய ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2603 என்பது 1943. கோப்பிலோ 1943 என்று மட்டுமே இருந்தது. கணிப்பு சரியானதே, ஆனால் ஏட்டில் அவ்வாறு எழுதியிருக்கவில்லை. இப்போது பக்கத்தின் ஸ்கேன் படம் ஒரு பொருளாகவும், எழுத்துக்கு எழுத்து பெயர்த்த பாடம் அதிலிருந்து வடிவம் மாற்றியதாகவும், ஆங்கில ஆண்டு சேர்த்த அட்டவணை அந்தப் பாடத்திலிருந்து உருவாக்கியதாகவும் மூன்று நிலைகளில் பதியப்பட்டுள்ளன. அந்தப் பக்கத்தின் வெள்ளி (டாலர்) கணக்கு, ஜப்பானியர் வெளியிட்டுப் பின்னர் மதிப்பிழந்த வாழைமர நோட்டுக் கணக்கு என்பதால், போருக்கு முந்தைய தொகைகளோடு அதைக் கூட்டலாகாது என்ற குறிப்பும் மூன்றாம் நிலையில் மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது. நாளை ஓர் ஆய்வாளர் நம் கணிப்பை ஏற்க மறுத்தாலும், கணக்கப்பிள்ளை எழுதியது அவருக்குக் கலப்பின்றிக் கிடைக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மூலக் குறிப்பு வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வலியுறுத்தினர். தொழில்நுட்பம் அதற்கும் இடம் தருகிறது. ஆயினும் பக்க அளவில் பதிவதே போதுமென முடிவுசெய்து, இரு ஏடுகள் முரண்படும் வரிகளுக்கு மட்டும் தனிக் குறிப்பு எழுதியுள்ளோம்.

குறிப்புகள் அனைத்தும் ‘டர்ட்டில்’ என்னும் வடிவில் வெறும் உரைக் கோப்புகளாக உள்ளன. கட்டணம் செலுத்தி வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். படி ஒன்று ஆலய அலுவலகத்திலும் மற்றொன்று வேறோர் இடத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. இன்று வாழும் உபயதாரர்களின் விவரங்கள் வெளியில் தரப்படமாட்டா. செலவுக் கணக்கு தணிக்கையாளரின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

இனி யார் தட்டச்சு செய்தாலும் மூல ஏடு, பக்கம், பெயர்த்தவர், சரிபார்த்தவர், நாள் ஆகிய ஐந்தும் நிரம்பாத கோப்பை அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. உறுப்பினர்களின் இல்லங்களில் பழைய ரசீதுகளோ அழைப்பிதழ்களோ இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டுவரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். அங்கேயே ஸ்கேன் செய்து, எந்தக் குடும்பத்திடமிருந்து எந்த நாளில் பெறப்பட்டது என்று உங்கள் முன்னிலையிலேயே பதிந்து, மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.

இங்ஙனம்,
ஆவணத் துணைக்குழு